ஈ பிளாக்குக்குக் குடிவந்த கைத்தட்டு

'ஜிகினா மேடை' நின்னுபோன அடுத்த ஞாயித்துக்கிழமை, டிவியில அந்த நிகழ்ச்சி வழக்கமா வர்ற அதே சாயங்காலம் அஞ்சு மணிக்கு, எங்க ஹவுஸிங் போர்டு ஈ பிளாக்குல ரெண்டாவது மாடி வேதவல்லி சாம்பாருக்குத் தாளிச்சுக் கொட்டினா. கடுகு வெடிச்சு அடங்கினதும் ஆளில்லாத மாடிப்படியில இருந்து கைத்தட்டல் கேட்டுச்சு. ஒருத்தர் ரெண்டு பேர் தட்டுற தட்டு இல்ல. முன்வரிசையில ஆரம்பிச்சு, பின்வரிசை வரைக்கும் போய், சுவத்துல மோதி திரும்பி வர்ற அரங்கம் நெறைஞ்ச தட்டு. வேதவல்லி கரண்டியோட வெளிய வந்து எட்டிப் பாத்தா. படியில ஒரு பூனை கூட இல்ல. "யாருக்குடி இந்தத் தட்டு?"ன்னு எதிர்வீட்ல இருந்து நான் கேட்டேன். "என் சாம்பாருக்குக்கா"ன்னா. சரின்னு நான் உள்ள போய்ட்டேன், அடுப்புல பால் வெச்சிருந்தேன்.

என் பேரு தனகோட்டி. டிவி நிகழ்ச்சிங்களுக்கு ஆடியன்ஸ் பிடிச்சுக் கொடுக்கிறது என் தொழில். பாடுறவங்க பாடி முடிச்சதும் கேமரா கூட்டத்துப் பக்கம் திரும்பும், அங்க ஒருத்தி கண்ணத் தொடச்சுக்குவா, ஒருத்தி வாயப் பொத்திக்கிட்டு சிரிப்பா, ஒருத்தி எழுந்து நின்னு தட்டுவா, நீங்க பாத்திருப்பீங்க. அதெல்லாம் எங்க பிளாக்குதான். காலையில காதர் பாய் வேன் வந்து அடிபம்பு பக்கத்துல நிக்கும், நான் கீழ நின்னு ஒரு சத்தம் கொடுப்பேன், பட்டுப்பொடவையும் தலையில பூவுமா எல்லாரும் எறங்கி வந்து ஏறுவாங்க. செட்டுக்குப் போனதும் மொத வேலையே தட்டுறதுதான். மேடையில ஒரு ஈ, காக்கா இருக்காது, லைட்டு மட்டும் எரியும். ஃப்ளோர் மேனேஜர் சைமன் சார் "அம்மா, சாதா தட்டு ஒண்ணு"ம்பார், தட்டுவோம். "இப்ப சந்தோசத் தட்டு", தட்டுவோம். "இப்ப அழுகைத் தட்டு, மெதுவா ஆரம்பிச்சு எழுந்து நிக்கணும்", கண்ணுல தண்ணியோட எழுந்து நின்னு அந்தக் காலி மேடையப் பாத்து தட்டுவோம். அத எடுத்து வெச்சுக்கிட்டு வேணுங்கிற எடத்துல ஒட்டிக்குவாங்க. வருசக்கணக்கா நாங்க தட்டினதுல பாதிக்கு மேல யாருக்குப் போச்சுன்னு எங்களுக்கே தெரியாது.

ஜிகினா மேடை ஓடின ஓட்டம் இருக்கே, அடேயப்பா, அத இப்ப சொன்னா யாரும் நம்பமாட்டாங்க. ஞாயித்துக்கிழமை அஞ்சு மணின்னா தெருவுல ஆள் நடமாட்டம் இருக்காது, கல்யாண மண்டபத்துல பந்தியில ஒக்காந்திருக்கிறவங்க கூட எழுந்துபோய் டிவி முன்னாடி நிப்பாங்க. ஆரம்பத்துல பாட்டு, மிமிக்ரி, தொப்பியில இருந்து புறா எடுக்கிறவன், தலையில பானையோட கயித்து மேல நடக்கிறவ, எல்லாம் ஒரே மேடையில. அது சலிச்சுப்போச்சு, புருசன் பொண்டாட்டி ஜோடியா ஆடணும்னாங்க. அதுவும் சலிச்சு கொழந்தைங்க வந்துச்சு, பால்பல்லு விழாததெல்லாம் கோட்டு போட்டுக்கிட்டு வசனம் பேசுச்சு. அப்புறம் யாராவது அழுதாதான் ஜனங்க பாப்பாங்கன்னு ஆச்சு. பாட வந்தவன் பாட்ட வுட்டுட்டு அப்பன் செத்த கதைய சொல்லுவான், பின்னால பியானோ வாசிப்பாங்க. கண்ணீரும் தீந்துபோனதும் சண்டை. நடுவருங்க ஒருத்தர ஒருத்தர் திட்டிக்கிட்டு மைக்க கழட்டி எறிஞ்சுட்டுப் போவாங்க, அடுத்த வாரம் ஒண்ணுமே நடக்காத மாதிரி அதே நாற்காலியில வந்து ஒக்காருவாங்க. கடைசியில ஜனங்க மொத்தமா செல்போனுக்குள்ள போய்ட்டாங்க. அங்க ஒரு நிமிசத்துக்குள்ள ஒருத்தன் ஆடி முடிச்சுடுறான், முடிக்கிறதுக்குள்ளயே கட்டைவெரலு அவன தள்ளிவுட்டுடுது. சைமன் சார் ஒருநா போன் பண்ணி, "தனகோட்டிம்மா, அடுத்த வாரத்துல இருந்து வண்டி வேணாம்"னார். அதோட முடிஞ்சுது.

நிகழ்ச்சி முடியும், தட்டு எங்க போகும்? போக்கிடம் இல்லாம எங்ககிட்டயே வந்துருச்சு. இத நான் அன்னிக்கே சொல்லிட்டேன், யாரும் மறுத்துப் பேசல, ஏன்னா அது எங்க கையில இருந்து போன தட்டுதான்னு எங்களுக்கு நல்லா அடையாளம் தெரிஞ்சுது. நடுவுல கண்ணாடி வளையல் சத்தத்தோட கேக்கிறது வேதவல்லியோடது. பலகைய பலகையால அடிச்ச மாதிரி ஒண்ணு கேக்கும், அது நான். எல்லாரும் நிறுத்தினப்புறமும் கூட ரெண்டு தட்டு தட்டிட்டு நிக்கும் பாருங்க ஒண்ணு, அது அஞ்சலையோடது. அஞ்சலை மஞ்சக்காமாலையில போய்ச் சேந்து ரொம்ப நாளாச்சு. அவ புருசன் ஏகாம்பரம், பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு, மொத நாள் அத கேட்டுட்டு படியில அப்படியே ஒக்காந்துட்டாரு. அதுக்கப்புறம் தெனமும் சாயங்காலம் சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு வந்து அதே படியில ஒக்காருவாரு, அந்தக் கடைசி ரெண்டு தட்டு கேட்டப்புறம் எழுந்து போவாரு.

கைத்தட்டோட குடித்தனம் பண்றது மொதல்ல சுகமாத்தான் இருந்துச்சு. தோசைய ஒடையாம திருப்பினா தட்டு, தண்ணி லாரி பின்னாடி ஓடிப்போய் மொத ஆளா கொடத்த வெச்சா தட்டு, பாத்ரூம்ல ஒருத்தன் பாடினா வெளிய வர்றப்ப தட்டு. எந்த வேலைய செஞ்சாலும் செஞ்சு முடிச்சு ஒரு நொடி அப்படியே நின்னு லேசா மேல பாக்கிற பழக்கம் எல்லாருக்கும் வந்துருச்சு. வெளியூர்ல இருந்து வந்த சொந்தக்காரங்க, "இன்னா உங்க பிளாக்குல எல்லாருக்கும் கழுத்து சுளுக்கா?"ன்னு கேட்டாங்க. வார்டுல இருந்து ஒரு பெரிய மனுசன் வந்து பம்பு பக்கத்துல மைக்கு கட்டி பேசினாரு, பேசி முடிச்சு சோடா குடிக்கிற வரைக்கும் ஒரு தட்டு விழல, அந்த நேரம் பாத்து நாலாவது மாடியில ஒரு பொண்ணு துணியப் பிழிஞ்சு ஒரே வீச்சுல கொடியில போட்டா, அதுக்கு தட்டு பிச்சுக்கிட்டுப் போச்சு. அந்த மனுசன் அப்புறம் எங்க பக்கம் எட்டிப் பாக்கல. மேஸ்திரி சின்னசாமி செத்தப்ப பாடைய தூக்கினதும் எழுந்து நின்னு தட்டுற தட்டு விழுந்துச்சு. இது தப்பா சரியான்னு ரெண்டு நாள் பேசினோம். "உசுரோட இருந்தப்ப அவருக்கு யாரு தட்டினா, தட்டட்டும் வுடு"ன்னு அவரு சம்சாரமே சொல்லிட்டா, அதோட அந்தப் பேச்சு ஓஞ்சுது.

ஆனா பழக்கம்னு ஒண்ணு இருக்கே. ஜிகினா மேடையில எதுக்கு எப்ப தட்டினோமோ அதே வரிசையில இங்கயும் அதுக்கு ருசி மாறிச்சு. கொஞ்ச நாள்ல தோசைக்கும் பாட்டுக்கும் தட்டு நின்னுபோச்சு, புருசன் பொண்டாட்டி ஒண்ணா பைக்குல ஏறினா மட்டும் விழுந்துச்சு. வருசக்கணக்கா மூஞ்சி குடுத்துப் பேசாதவங்கல்லாம் கோயிலுக்கு ஒண்ணா கெளம்பினாங்க. அப்புறம் கொழந்தைங்களுக்கு விழுந்துச்சு. ஒண்ணாப்பு படிக்கிறது மூக்க சிந்தினா கூட தட்டு, பெத்தவங்களுக்கு தரையில கால் பாவல. அந்த சமயத்துலதான் என் மக மோனிஷா முழுகாம இருந்தா.

மோனிஷா எனக்கு ஒரே பொண்ணு. புருசன் டில்லிபாபு, ஏசி மெக்கானிக்கு, தங்கமான பையன், கோவம் வந்தா காது மட்டும் செவக்கும், வாய் தொறக்கமாட்டான். மூணாவது மாடியில வாடகைக்கு இருந்தாங்க. வயித்துல இருக்கிறப்பவே அவ கணக்குப் போட்டுட்டா: ஆஸ்பத்திரியில இருந்து கொழந்தையோட வந்து எறங்குறப்ப விழப்போற தட்டுல பிளாக்கே இடிஞ்சு விழும்னு. நானும்தான் நெனச்சேன், இல்லேங்கல. ஆனா பிரசவம் தள்ளிப்போச்சு, அதுக்குள்ள தட்டு கொழந்தைங்கள வுட்டுட்டு கண்ணீருக்குத் தாவிடுச்சு, அது எங்க யாருக்கும் தெரியல.

ஆட்டோவுல வந்து எறங்கினாங்க. பிளாக்கு மொத்தமும் படியில நின்னுச்சு, வேதவல்லி ஆரத்தி கரைச்சு வெச்சிருந்தா, டில்லிபாபுவோட அம்மா செங்கல்பட்டுல இருந்து வந்திருந்தாங்க. கொழந்த தன்ஷிகா நல்லா தூங்கிக்கிட்டிருந்துச்சு, என்ன அமைதியான கொழந்தைங்கிறீங்க, மூஞ்சியில ஒரு சுளிப்பு கிடையாது. ஆரத்தி சுத்தியாச்சு, பொட்டு வெச்சாச்சு, வலது கால எடுத்து வெச்சு மோனிஷா மொதப் படி ஏறினா, ஏறி நின்னு மேல பாத்தா. எல்லாரும் மேல பாத்தோம். ஒண்ணும் இல்ல. ரெண்டாவது மாடி, மூணாவது மாடி, வீட்டு வாசல், உள்ள போயி பாயில படுக்க வெக்கிற வரைக்கும் ஒண்ணும் இல்ல. சம்பந்தியம்மா சும்மா இருக்கலாமில்ல? "ஹூம், தட்டு விழாத புள்ள"ன்னாங்க. நான் நாலு வார்த்த நல்லா குடுத்தேன் அவங்களுக்கு, ஆனா எறங்கின சொல்ல திரும்ப எடுக்க முடியுமா? மோனிஷா அன்னிக்கு சாப்பிடல.

சம்பந்தியம்மா ஊருக்குப் போனப்புறம் ஒருநா அந்த சொல்லப் பத்தியே புருசன்கிட்ட கேட்டிருக்கா. "உங்கம்மா அப்படி சொன்னப்ப உன் வாயில இன்னா கொழக்கட்டையா இருந்துச்சு?"ன்னு கேட்டுட்டு தேம்பித் தேம்பி அழுதிருக்கா. அழுத அழுகைக்கு மூணாவது மாடியே அதிர்ற மாதிரி தட்டு விழுந்துச்சு. நான் கீழ இருந்து ஓடினேன். போய் பாத்தா, மக கண்ணுல தண்ணி ஓடுது, ஒதட்டுல சிரிப்பு. "அம்மா, கேட்டியா? எங்க வீட்டுக்குத்தான்!"ன்னா. டில்லிபாபு பாவம், கொழந்தைய தோள்ல போட்டுக்கிட்டு ஜன்னல் பக்கமா திரும்பி நின்னுக்கிட்டிருந்தான்.

அப்புறம் பிளாக்குல சிரிச்ச மூஞ்சிய பாக்கிறதே அரிதாப் போச்சு. தண்ணி பிடிக்க வர்றவங்க எல்லாம் செத்துப்போன ஆயா, தாத்தாவ நெனச்சு அழுதாங்க. தட்டு கண்ணீர்ல இருந்து சண்டைக்குத் தாவினதும் அழுதவங்க எல்லாம் கண்ணத் தொடச்சுக்கிட்டு இடுப்புல பொடவைய செருகிக்கிட்டு நின்னாங்க. ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் சண்ட. உன் கொடி என் கொடிய தொடுது, உன் வீட்டு மீன் வாசன என் வீட்டுக்குள்ள வருது. சண்ட போட்டுட்டு தட்டு விழுந்ததும் ரெண்டு பேரும் பாதியில நிறுத்தி மேல பாப்பாங்க, அப்புறம் ஒருத்திக்கொருத்தி புளி கடன் குடுத்துக்குவாங்க. மத்தவங்களுக்கு அது வெளையாட்டு. என் மக வீட்ல மட்டும் அது வெளையாட்டா இல்ல.

டில்லிபாபு பேசக் கத்துக்கிட்டான். அதான் வினையே. வாயே தொறக்காதவன் ஒருநா பதிலுக்கு ஒரு வார்த்த சொன்னான், அதுக்கு விழுந்த தட்டு அவன் வாழ்க்கையில கேட்டிராத தட்டு, பாவம் அவனுக்கு யாரு தட்டியிருக்கா. அடுத்த நாள் ரெண்டு வார்த்த. அதுக்கடுத்து அவன் சொன்னதையெல்லாம் இங்க சொல்ல மாட்டேன், என் மக சொன்னதையும் சொல்ல மாட்டேன். ஒரு சண்டையில நின்ன எடத்துல அடுத்த சண்டைய ஆரம்பிச்சா தட்டு விழாது, அத விட ஒரு படி மேல போகணும். சாப்பாட்டுத் தட்ட ஒடைச்சாங்க, அப்புறம் டிவிய ஒடைச்சாங்க, அப்புறம் ஒடைக்கிறதுக்கு வீட்ல ஒண்ணும் இல்ல. கொழந்த நடுவுல ஒக்காந்து ரெண்டு பேரையும் மாத்தி மாத்தி பாக்கும்.

ஒரு வியாழக்கிழமை மோனிஷா என் வீட்டுக்கு வந்தா. துவரம்பருப்பு புடைச்சுக்கிட்டிருந்தேன். எதிர்ல ஒக்காந்து, சினிமாவுக்குப் போறேன்னு சொல்ற மாதிரி சொன்னா.

"அம்மா, ஞாயித்துக்கிழமை நான் போறேன்."

"எங்கடி?"

"வீட்ட வுட்டு. பை எடுத்துக்கினு."

"கொழந்தைய கூட்டினு இங்கதான வருவ?"

"இங்க வந்தா அது இன்னாமா போறது? மெயின் ரோட்டுக்குப் போய் பஸ் ஏறிடுவேன். கொழந்தைய அவன்கிட்ட வுட்டுட்டுப் போறேன்."

மொறம் என் கையில அப்படியே நின்னுச்சு. "பால் குடிக்கிற கொழந்தைய வுட்டுட்டா?"

"அப்பதாம்மா எழுந்து நிப்பாங்க"ன்னா. "சண்டைக்கெல்லாம் இப்ப ஒக்காந்துக்கினுதான் தட்டுறாங்க, நீ கவனிக்கலியா? அஞ்சு மணிக்கு போறேன். அப்பதான் எல்லாரும் இருப்பாங்க."

"யாருடி எல்லாரும்? அது நானும் வேதவல்லியும் செத்துப்போன அஞ்சலையும்டி! காலி மேடைய பாத்து தட்டின கைடி அது!"

"தெரியும்மா"ன்னா. "அப்ப கூட நல்லாத்தான இருக்கு."

பைத்தியம்னு திட்டினேன், கெஞ்சினேன், கையப் புடிச்சு இழுத்து ஒக்கார வெச்சேன். என் கண்ண பாத்தவ, மெதுவா எனக்குப் பின்னாடி, தலைக்கு மேல பாக்க ஆரம்பிச்சா. அவ போறதா சொல்லிட்டு போகாம இருந்தா பரவால்ல, ஆனா அந்த தட்டுல ஒவ்வொரு படியா எறங்கினா கால் தானா எறங்கும், பஸ் ஏறினப்புறம் தட்டு கூட வராது, அப்ப திரும்பி வர்றதுக்கு மூஞ்சி இருக்குமா, திரும்பி வந்தாலும் டில்லிபாபு கதவத் தொறப்பானா? எனக்கு ரெண்டு நாளும் தூக்கம் புடிக்கல. சனிக்கிழமை காதர் பாய்க்கு போன் போட்டேன். "பாய், ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வண்டி வேணும். பழைய செட்டுக்கு."

"எத்தினி பேருக்கா?"

"ஆளு இல்ல பாய். தட்டு மட்டும்."

"அப்ப ஏசி போட வேணாம்"ன்னார்.

வேதவல்லிகிட்ட மட்டும் முன்கூட்டியே சொன்னேன், பழகின பழக்கத்துக்கு. குதிச்சா பாருங்க. "உன் மவ புருசன்கூட வாழத் தெரியாம போறதுக்கு எங்க எல்லாரு சந்தோசத்தையும் வண்டியில ஏத்துவியா நீ?"ன்னா. "ஏத்துவேன்டி"ன்னேன். "எங்கூட்டு வாசல்ல விழுற தட்ட தொட்டுப் பாரு"ன்னா. "உன்னோடத நீயே கட்டி வெச்சுக்கோ, கூப்புட்டா வருதா இல்லியா பாக்கலாம்"னேன். அன்னியில இருந்து எங்க ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல.

ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு நல்ல வெயிலு. வேன் வந்து அடிபம்பு பக்கத்துல நின்னுச்சு. மூணாவது மாடி ஜன்னல்ல மோனிஷா தலை வாரிக்கிட்டிருந்தது கீழ இருந்தே தெரிஞ்சுது. எப்பவும் நிக்கிற எடத்துல நின்னேன், முந்தானைய இழுத்து செருகினேன், எப்பவும் குடுக்கிற சத்தத்த குடுத்தேன். "வண்டி கெளம்புதும்மா! ஏறுங்க, ஏறுங்க! லேட்டா வர்றவங்களுக்குப் பின்வரிசைதான், மூஞ்சி வராது!"

எங்க பொம்பளைங்களுக்கு பின்வரிசைன்னா அவ்ளோ பயம். தட்டுக்கும் அதே பயம் இருந்திருக்கு. மொட்டமாடியில இருந்து ஆரம்பிச்சு, நாலாவது மாடி, மூணாவது மாடி, ஒவ்வொரு வீட்டு வாசல்ல இருந்தும் சின்னதும் பெருசுமா தட்டுங்க படியில தடதடன்னு எறங்கி வந்துச்சுங்க, ஒண்ண ஒண்ணு இடிச்சுக்கிட்டு, கைப்பிடிச் சுவத்துல வழுக்கிக்கிட்டு, கொடியில காயுற துணியெல்லாம் அசைய அசைய என்னை தாண்டிப் போய் வேனுக்குள்ள ஏறிச்சுங்க. ஏற ஏற வண்டி கீழ அமுங்குனத நான் கண்ணால பாத்தேன். வேதவல்லி மேல நின்னு கைய கட்டிக்கிட்டு பாத்துக்கிட்டிருந்தா. கடைசியில அவ வளையல் தட்டு கொஞ்ச நேரம் அவ காலடியிலயே நின்னு முனகிட்டு, அப்புறம் ஓடி வந்து ஜன்னல் சீட்டுல ஏறிக்கிச்சு. அவ பட்டுன்னு கதவ சாத்திக்கிட்டா.

ஏகாம்பரம் படியில இருந்து எழுந்து வந்தாரு. இஸ்திரி போட்ட சட்ட போட்டிருந்தாரு.

"அஞ்சலை ஏறிட்டாளாம்மா?"

"ஏறிட்டா போலண்ணா."

"அவளோடத மட்டும் வுட்டுட்டுப் போயேன்."

"தனியா எப்படிண்ணா பிரிக்கிறது? ஒத்தத் தட்டா இருந்துக்கினு அதுவும் இன்னா பண்ணும், அத வெச்சுக்கினு நீங்க இன்னா பண்ணுவீங்க?"

ஏகாம்பரம் கண்டக்டருக்கே உள்ள பழக்கத்துல வேன் படியில ஒரு கால வெச்சு, கம்பிய பிடிச்சு ஏறி, "ரைட்"டுன்னாரு. காதர் பாய் வண்டிய எடுத்தாரு.

பூந்தமல்லி ரோட்ல போற வழியெல்லாம் வண்டிக்குள்ள தகரக்கூரையில மழ பெய்யுற சத்தம். சிக்னல்ல நின்னப்ப பக்கத்து பஸ்ல இருந்தவங்க வானத்த அண்ணாந்து பாத்தாங்க, ஒரு அம்மா கொடைய விரிச்சாங்க. நான் முன்சீட்ல ஒக்காந்து கடியாரத்தையே பாத்துக்கிட்டு வந்தேன். செட்டு இருந்த எடத்த இப்ப கல்யாண பந்தல் சாமான் போட்டு வெக்கிற குடோன் ஆக்கிட்டாங்க, வாட்ச்மேன் நம்ம பழைய ஆளுதான், "இன்னாக்கா ரொம்ப நாளாச்சு, ஷூட்டிங்கா?"ன்னு கேட்டுக்கிட்டே கதவ தொறந்துவுட்டான். உள்ள மரப்படி கேலரி அப்படியே இருந்துச்சு. எதிர்ல மேடையும் இருந்துச்சு, ஜிகினா எல்லாம் உரிஞ்சு, மேல அடுக்கி வெச்ச நாற்காலியோட. தட்டுங்க எறங்கி அதுங்கதுங்க பழைய எடத்துல போய் ஒக்காந்துச்சுங்க, முன்வரிசைக்கு கொஞ்சம் அடிச்சுக்கிட்டு. அப்புறம் கப்சிப்னு ஆயிடுச்சு.

நான் கெளம்ப திரும்பினேன். ஏகாம்பரம் என் கூட வரல. மேடைக்கு போற படியில ஏறிக்கிட்டிருந்தாரு. மேல போய், நாற்காலிங்கள ஒதுக்கிட்டு, நடுவுல வந்து நின்னு கேலரிய பாத்தாரு. "பாட்டெல்லாம் வராதும்மா எனக்கு"ன்னாரு, யாருகிட்ட சொன்னாரோ. அப்புறம் சட்டப் பொத்தான சரி பண்ணிக்கிட்டு, அவரு டிக்கெட் கிழிச்ச ரூட்டுல இருந்த ஸ்டாப்பிங் பேரெல்லாம் ஒண்ணு ஒண்ணா சொன்னாரு, பஸ்ல சொல்ற அதே கொரல்ல, நிதானமா, ஒருத்தரையும் எறக்காம வுட்டுடக்கூடாதுன்னு சொல்ற மாதிரி. கடைசி ஸ்டாப்பிங் வந்ததும் நிறுத்தினாரு. கேலரி மொத்தமும் தட்டுச்சு. அத்தன வருசத்துல அந்த மேடையில ஆள் நிக்கிறப்ப எங்க கை தட்டினத நான் அன்னிக்குத்தான் நல்லா கேட்டேன். தட்டி முடிச்சு அடங்கினப்புறம் ரெண்டு தட்டு தனியா கேட்டுச்சு. ஏகாம்பரம் தலைய ஆட்டிட்டு, எறங்கி வந்து, "போலாம்மா"ன்னாரு. வாட்ச்மேன் கதவ சாத்தி பூட்டினான்.

திரும்பி வர்றப்ப ரோட்ல நெரிசல். பிளாக்குக்கு வந்து சேர்றதுக்குள்ள அஞ்சு தாண்டி ரொம்ப நேரம் ஆயிடுச்சு, என் உசுரு என் கையில இல்ல. கீழ் வீட்டுக்காரி வாசல்ல மீன் ஆஞ்சுக்கிட்டிருந்தா. அவதான் சொன்னா: அஞ்சு மணிக்கு எல்லாரும் படியில வந்து நின்னாங்களாம், மோனிஷா புதுப்பொடவ கட்டி பையோட வெளிய வந்தாளாம், வந்து வாசல்ல நின்னு மேல பாத்தாளாம். ஒண்ணும் இல்ல. ஒரு படி எறங்கி நின்னு பாத்தாளாம். அப்பவும் இல்ல. யாரோ இருமினாங்களாம். ஒருத்தி, "அடுப்புல குழம்பு இருக்கு"ன்னு உள்ள போனாளாம், அப்புறம் ஒவ்வொருத்தரா நழுவிட்டாங்களாம்.

"அப்புறம்?"னு கேட்டேன்.

"அப்புறம் இன்னா, யாரும் இல்லியே பாக்கிறதுக்கு. எனக்குத் தெரியல தனகோட்டி."

படி ஏறினேன். பிளாக்கு அவ்ளோ அமைதியா இருந்து நான் கேட்டதில்ல, குழாயில தண்ணி சொட்டுறது கேட்டுச்சு. மூணாவது மாடியில பை வாசல்ல கெடந்துச்சு, அது மேல கொழந்தையோட ஒத்த சாக்ஸு. கதவு ஒருக்களிச்சு இருந்துச்சு. உள்ள ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருந்தாங்க. சண்டைதான், நடுவுல அவ மூக்க உறிஞ்சுறது கேட்டுச்சு, அவன் என்னமோ சொன்னான், அவ இல்லேன்னு தலையாட்டினா, அவன் மறுபடியும் என்னமோ சொன்னான். ஆனா கொழந்த தூங்குது போல, ரெண்டு பேரும் கொரல நல்லா எறக்கி, குசுகுசுன்னு, அவன் சொல்றது அவளுக்கு மட்டும், அவ சொல்றது அவனுக்கு மட்டும் கேக்குற மாதிரி சண்ட போட்டுக்கிட்டிருந்தாங்க.

நான் உள்ள போகல. வாசல்ல படியில ஒக்காந்து வாயில முந்தானைய வெச்சுக்கிட்டு அழுதேன். கொஞ்ச நேரம் காத கொடுத்துப் பாத்தேன். ஒரு வார்த்த கூட எனக்குக் கேக்கல.